ரவையின் விலையும் சீர்மையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை நீண்டு கிடக்கும் நிலப்பரப்பில், துப்பாக்கி என்னும் கருவி ஒரு காலத்தில் இரண்டு காரியங்களுக்காகவே பெரும்பாலும் கையாளப்பட்டு வந்தது. ஒன்று வேட்டை, மற்றொன்று, மலையிலிருந்து இறங்கி வந்து விளைந்த பயிரைக் குதறும் காட்டுப் பன்றிகளை விரட்டுதல். ராஜபாளையத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் வெண்ணிற நாய் இனமே வேட்டைக்காக வளர்க்கப்பட்டது என்பது அந்தக் காலத்தின் வழக்கத்துக்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. 1972-இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாகி, 2021-இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட பிறகு, வேட்டை என்னும் பழைய வினோதம் சட்டத்தாலும் தர்மத்தாலும் முற்றுப்பெற்றுவிட்டது. ஆனால் குறி பார்த்தல் என்னும் கலை அதனோடு முற்றுப்பெறவில்லை. உயிரை விட்டு விலகிக் காகித இலக்கைப் பற்றிக்கொண்டு, முன்னிலும் நுட்பமான ஒரு சாஸ்திரமாக அது வளர்ந்திருக்கிறது.

2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் தங்கம் வென்று, தனிநபர் பிரிவில் இந்தியாவுக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தைத் தேடித் தந்தார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012-இல் லண்டனில் அதே போட்டியில் வெண்கலம் பெற்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவின் சார்பில் அதே போட்டியில் நின்றார். இவர்களைக் கண்டு ஊக்கம் கொண்டு, காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுக்கும் மாணவனும் மாணவியும் சிற்றூர்களிலும் இன்று உண்டு. துப்பாக்கி ஒரு முறை வாங்கும் பொருள். ரவையோ ஒவ்வொரு நாளும் செலவாகிக்கொண்டே இருக்கும் பொருள். ஆகையால் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி, குறைந்த விலையில் நல்ல ரவை எது என்பதாகவே இருக்கிறது. இக்கேள்விக்குக் கடைக்காரர் சொல்லும் விடை ஒன்று, நண்பர் சொல்லும் விடை மற்றொன்று. பௌதிகமும் கணிதமும் சேர்ந்து சொல்லும் விடை என்ன என்பதை ஆராய்வதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

இரண்டு வகை ரவைகள்

இலக்குப் பயிற்சிக்கு நம் நாட்டில் பெரிதும் பயன்படுபவை இரண்டு. முதலாவது, காற்றுத் துப்பாக்கியில் இடும் 4.5 மில்லிமீட்டர் ஈய ரவை; பெல்லெட் என்று கடையில் கேட்டு வாங்குவது இதைத்தான். இரண்டாவது, .22 என்று வழங்கும் சிறு தோட்டா. 1948-இல் தோன்றிய தேசிய மாணவர் படையில் சேர்ந்தவர்கள் தரையில் படுத்துக்கொண்டு முதன்முதலாகச் சுட்டுப் பழகியது இந்தத் தோட்டாவைக் கொண்டுதான்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைச் சக்தியின் அளவால் எளிதில் அறியலாம். போட்டிகளில் வழங்கும் ஈய ரவை ஏறத்தாழ 0.53 கிராம் எடையுள்ளது. விநாடிக்குச் சுமார் 175 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுகிறது. அதன் இயக்க ஆற்றல் எட்டு ஜூல் அளவே. .22 தோட்டாவின் குண்டோ 2.6 கிராம் எடையோடு விநாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் வெளிப்பட்டு, 140 ஜூல் ஆற்றலைத் தாங்கிச் செல்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உடைய காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று வகுத்திருப்பதன் காரணம் இந்தக் கணக்கில் விளங்கும். .22 துப்பாக்கிக்கும் அதன் தோட்டாக்களுக்கும் உரிமம் இன்றியமையாதது. உரிமம் பெற்றவரும் நினைத்த அளவுக்குத் தோட்டா வாங்கிக் குவித்துவிட முடியாது. எனவே சிற்றூரிலிருந்து தொடங்கும் பயிற்சியாளனுக்கு இயல்பான வழி காற்றுத் துப்பாக்கியே. எனினும் தோட்டாவின் உள்ளமைப்பை அறிந்தால்தான் ரவைகளின் விலை ஏன் ஏறுகிறது என்னும் சூட்சுமம் தெளிவாகும். ஆதலால் அதை முதலில் பார்ப்போம்.

தோட்டாவினுள் நிகழ்வது

1845-இல் பிரான்ஸ் தேசத்து ஃப்ளோபேர் என்பவர் சிறு செப்புக் குமிழ் ஒன்றின் வாயில் குண்டைச் செருகி உருவாக்கிய எளிய ரவையே இவ்வகைத் தோட்டாக்களின் மூதாதை. அதை விரிவுபடுத்தி அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் 1857-இல் .22 குறுந்தோட்டாவைக் கொணர்ந்தனர்; இன்று உலகமெங்கும் வழங்கும் நெடுந்தோட்டா 1887-இல் வந்தது. இதன் அடிவிளிம்பு உள்ளே குழிவானது. உராய்வால் தீப்பற்றும் கலவையை ஈரமாக உள்ளே இட்டு, தோட்டாவை வேகமாகச் சுழற்றி, அக்கலவை விளிம்பின் குழிவுக்குள் சுற்றிலும் படியுமாறு செய்து உலர்த்துவார்கள். துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது கலவையில் கலந்துள்ள கண்ணாடித் தூள் உராய்ந்து பொறி எழுகிறது. பொறி மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து எரிந்து எழும் வாயு குண்டைத் தள்ளுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே சிவகாசியில் 1920-களிலிருந்து தழைத்துவரும் தீப்பெட்டித் தொழிலிலும் உராய்வும் கண்ணாடித் தூளும்தான் தீயைப் பிறப்பிக்கின்றன என்பதை இங்கே நினைத்துப் பார்த்தால், விஷயம் நமக்கு அந்நியமானதன்று என்பது புலப்படும்.

தீக்குச்சி சற்று மெதுவாகப் பற்றினாலும் அடுப்பு எரியத்தான் செய்யும். தோட்டாவிலோ விளிம்பின் ஒரு பக்கத்தில் கலவை கொஞ்சம் மிகுந்தும் மறுபக்கத்தில் கொஞ்சம் குறைந்தும் படிந்திருந்தால், மருந்து எரியும் விதம் தோட்டாவுக்குத் தோட்டா மாறி, குண்டின் வேகமும் மாறிவிடுகிறது. மருந்தின் அளவு, குண்டின் எடை, குண்டைக் கவ்வியிருக்கும் பித்தளை வாயின் இறுக்கம், குண்டின் மேல் பூசிய மெழுகின் கனம் ஆகியவையும் இவ்வாறே ஒவ்வொரு தோட்டாவிலும் சிறிது வேறுபடுகின்றன. விலையுயர்ந்த போட்டித் தோட்டா சாதாரணத் தோட்டாவைவிட வலிமை மிகுந்தது என்று பலர் எண்ணுவது தவறு. இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் செல்கின்றன. உயர்ந்த விலை கொடுத்து நாம் வாங்குவது வலிமையை அன்று. ஆயிரமாவது தோட்டா முதல் தோட்டாவைப் போலவே இருக்கும் என்ற உறுதியை, அதாவது சீர்மையை.

வேகமும் வீழ்ச்சியும்

வேகத்தில் உண்டாகும் சிறு மாறுதல் இலக்கில் எவ்வளவு பிழையாக விரிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். குழலை விட்டுப் புறப்பட்ட கணத்திலிருந்தே பூமியின் ஈர்ப்பு குண்டைக் கீழே இழுக்கிறது. சராசரியாக விநாடிக்கு 320 மீட்டர் செல்லும் .22 குண்டு ஐம்பது மீட்டரைக் கடக்க 0.156 விநாடி எடுத்துக்கொள்கிறது; அதற்குள் அது 12 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. அடுத்த குண்டு 315 மீட்டர் வேகத்தில் சென்றால், முன்னதைவிட ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் தாழ்ந்து விழும். ஐம்பது மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டரே ஆகையால், இந்த நான்கு மில்லிமீட்டர் அலட்சியம் செய்யத்தக்கதன்று.

காற்றுத் துப்பாக்கியின் கணக்கு இதனினும் இன்பமானது. பத்து மீட்டரைக் கடப்பதற்குள் ஈய ரவை 16 மில்லிமீட்டர் இறங்குகிறது; வேகம் விநாடிக்கு ஐந்து மீட்டர் குறைந்தால் மேலும் ஒரு மில்லிமீட்டர் இறங்கும். ரவைகளின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு வேறுபாடு இருந்து, துப்பாக்கி ஒரே அளவு ஆற்றலைக் கொடுக்கிறது என்று கொண்டால், இறக்கத்தின் வேறுபாடும் நூற்றுக்கு இரண்டு பங்கே. அதாவது மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. பத்து மீட்டர் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது என்பது உண்மைதான், ஆனால் 4.5 மில்லிமீட்டர் அகலமுள்ள ரவையின் விளிம்பு அதைத் தொட்டாலே பத்துப் புள்ளி கிடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு ரவையையும் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பிரிப்பது, தசமப் புள்ளிகளுக்காகப் போட்டியிடும் வீரர்களுக்கு உதவலாமேயன்றி, தொடக்கநிலைப் பயிற்சியாளனுக்கு வீண் பிரயாசையே. அவன் கண்ணால் பார்த்துக் கழிக்க வேண்டியவை விளிம்பு நசுங்கிய ரவைகள் மட்டுமே. ரவையின் இடுப்பு குறுகி, பின்புறம் பாவாடை விரிந்தாற்போன்ற மெல்லிய சுவராக இருப்பதும், காற்றழுத்தம் அச்சுவரை விரித்துக் குழலின் வரிப்பள்ளங்களோடு பொருத்துவதும் நோக்கத்தோடு செய்யப்பட்ட அமைப்பு. அந்தச் சுவர் ஒரு பக்கம் நசுங்கினால் காற்றுக் கசிந்து ரவை கோணிவிடும்.

ஒலியின் எல்லையும் ஆடிக் காற்றும்

அதிவேகத் தோட்டா என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்குவோர் பலர். அவ்வகை .22 குண்டு விநாடிக்கு 380 மீட்டர் அளவில் புறப்படுகிறது. காற்றில் ஒலியின் வேகம் 20 பாகை வெப்பத்தில் விநாடிக்கு 343 மீட்டர். சித்திரை வெயிலில் 35 பாகை ஏறும்போது 352 மீட்டர். ஒலியைவிட வேகமாகப் புறப்பட்ட குண்டு காற்றின் தடையால் தளர்ந்து, இலக்கை அடையும் வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது அதைச் சூழ்ந்த அழுத்த அலைகள் நிலைகுலைந்து, குண்டும் சற்றுத் தடுமாறுகிறது. தொடக்கத்திலிருந்தே ஒலியினும் மெதுவாகச் செல்லும் குண்டுக்கு இத்தொல்லை இல்லை.

இதனினும் வியப்பான விஷயம் ஒன்று உண்டு. தென்மேற்குப் பருவக் காலத்தில் மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஆடி மாதத்தில் இப்பகுதியில் எவ்வளவு பலமாக வீசும் என்பதை இங்குள்ளோர் நன்கறிவர். திறந்தவெளியில் சுடும்போது அக்காற்று குண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. வேகமான குண்டு விரைவில் இலக்கை அடைந்துவிடுவதால் குறைவாகத்தான் விலகும் என்று சாதாரண அறிவு சொல்லும். உண்மை நேர்மாறானது. விலகும் அளவைத் தீர்மானிப்பது குண்டு பறக்கும் மொத்த நேரம் அன்று. காற்றின் தடையே இல்லாதிருந்தால் எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட அது எவ்வளவு தாமதிக்கிறது என்பதே. ஒலியின் வேகத்தை ஒட்டிய நிலையில் தடை மிகக் கடுமையாக ஏறுவதால், அதிவேக .22 குண்டு அதிகமாகத் தாமதித்து, அதிகமாகவே விலகுகிறது. இலக்குப் பயிற்சிக்குச் சாதாரண வேகத் தோட்டாவே ஏற்றது என்பதற்கு இதைவிடச் சிறந்த நிரூபணம் வேண்டியதில்லை.

ஆலை கற்பிக்கும் கணக்கு

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய நாளிலிருந்து பஞ்சாலைத் தொழில் இவ்வூரின் உயிர்நாடியாக இருந்துவருகிறது. ஆலையில் நூலின் தரத்தை எப்படி அறிகிறார்கள்? நூற்றிருபது கெஜம் நூலைச் சுற்றி எடுத்து நிறுத்துப் பார்த்து, அது எத்தனையாம் நம்பர் நூல் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு முறை நிறுத்துவதோடு அவர்கள் நின்றுவிடுவதில்லை. பல மாதிரிகளை எடுத்து நிறுத்து, சராசரி நாற்பதாம் நம்பராக இருந்தாலும் ஒன்று முப்பத்தெட்டும் மற்றொன்று நாற்பத்திரண்டுமாக அலைகிறதா என்று பார்க்கிறார்கள். அலைச்சல் மிகுந்த நூல் தறியில் அறும். துணியில் வரி விழும். ரவையின் தரத்தை அறியும் நெறியும் முற்றிலும் இதுவே: சராசரியை அறிவது முதற்படி, அலைச்சலை அறிவதே முடிவான படி.

இனி, சிக்கனத்தின் மர்மத்தைத் திறக்கும் சாவியான கணித விதியைக் காண்போம். இலக்கில் காணும் சிதறலுக்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று சுடுபவருடைய கையின் நடுக்கம், மற்றது ரவையின் சீரின்மை. ஒன்றையொன்று சாராத இவ்விரு சிதறல்களும் நேராகக் கூடுவதில்லை. ஒவ்வொன்றின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால்தான் மொத்தச் சிதறல் கிடைக்கும். புதிதாகப் பழகும் ஒருவருடைய கைச்சிதறல் 20 மில்லிமீட்டர் என்றும், மலிவான ரவையின் சிதறல் 8 மில்லிமீட்டர் என்றும் கொள்வோம். மொத்தச் சிதறல் 21.5 மில்லிமீட்டர். பல மடங்கு விலை கொடுத்து, 4 மில்லிமீட்டர் மட்டுமே சிதறும் ரவையை அவருக்கு வாங்கித் தந்தால், மொத்தச் சிதறல் 20.4 மில்லிமீட்டராகும். செலவழித்த பணமெல்லாம் ஒரு மில்லிமீட்டர் லாபத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் கைச்சிதறல் 4 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்ட தேர்ந்த வீரருக்கு அதே மாற்றம் மொத்தச் சிதறலை 8.9-இலிருந்து 5.7-க்குக் கொண்டுவந்துவிடும்; வெற்றியும் தோல்வியும் அந்த வித்தியாசத்திலேயே அடங்கியிருக்கின்றன.

ஆகவே தொடக்கத்தில் இருப்பவர் மலிவான ரவையை வாங்குவது குறையுடைய செயலன்று; அதுவே அறிவுடைய செயல். அதே பணத்துக்கு இரண்டு மூன்று மடங்கு ரவைகள் கிடைக்கும். அத்தனை மடங்கு அப்பியாசமும் கிடைக்கும். அப்பியாசம் ஒன்றே 20 மில்லிமீட்டரைக் குறைக்க வல்லது. கைச்சிதறல் குறைந்து ரவையின் சிதறலை நெருங்கிவரும் நாளில் விலையுயர்ந்த ரவையை நாடலாம். அதற்கு முன் நாடுவது வீண்.

சோதிக்கும் முறை

மலிவானவற்றுள்ளும் சிறந்தது எது என்பதைச் சோதித்தே அறிய வேண்டும். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தனிச் சுபாவம் உண்டு; ஒரு துப்பாக்கியில் நெருங்கி விழும் ரவை, அதே தொழிற்சாலையில் செய்த மற்றொரு துப்பாக்கியில் சிதறி விழுவது சகஜம். ஆகையால் பிறருடைய பரிந்துரையை ஆரம்பமாக மட்டும் கொண்டு, மூன்று நான்கு வகை ரவைகளில் சிறு டப்பா ஒவ்வொன்று வாங்க வேண்டும். துப்பாக்கியை மணல் மூட்டையின் மேல் தாங்கி வைத்துச் சுட்டால் கைநடுக்கம் பெரிதும் ஒழிந்து, ரவையின் குணம் தனித்து வெளிப்படும். வகை மாற்றும்போதெல்லாம் முதலிற் சுடும் சில ரவைகளைக் கணக்கில் சேர்க்கலாகாது. முந்தைய ரவையின் ஈயப் பூச்சும் மெழுகும் குழலிலிருந்து நீங்க வேண்டும்.

மூன்று ரவைகள் சுட்டு, துளைகள் மூன்றும் ஒட்டி விழுந்ததைக் கண்டு மகிழ்ந்துபோவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. எல்லாம் ஒரே தரமாக இருக்கும்போதும், பத்து ரவைக் குழுவின் அகலம் மூன்று ரவைக் குழுவின் அகலத்தைப் போல் சராசரியாக ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலாகவே இருக்கும் என்று நிகழ்தகவுக் கணிதம் காட்டுகிறது. மேலும் ஐந்து ரவைக் குழு ஒன்றின் அகலம், தற்செயலாலேயே நான்கில் ஒரு பங்கு ஏறவோ இறங்கவோ கூடும். எனவே ஒவ்வொரு வகையிலும் பத்துப் பத்தாகச் சில குழுக்கள் சுட்டு, எல்லாவற்றின் சராசரியையும் ஒப்பிட வேண்டும். மிக நன்றாக விழுந்த ஒரு குழுவை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெருமை கொள்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். ஒரு வகையைக் காலையிலும் மற்றொன்றைக் களைத்த பிறகும் சுடாமல், மாறி மாறிச் சுடுதல் வேண்டும். எந்த ரவை என்பதைச் சுடுபவர் அறியாதவாறு நண்பர் ஒருவர் எடுத்துக் கொடுத்தால், விலையுயர்ந்தது நன்றாகத்தான் இருக்கும் என்ற மனமயக்கமும் நீங்கும். புதிய மருந்துகளை மருத்துவர்கள் சோதிக்கும் நெறியும் இதுவே.

இவ்வாறு தேர்ந்த ரவையில், டப்பாவின் மேல் அச்சிட்ட தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்து, கைக்கு இயன்ற அளவு மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. பெயர் ஒன்றாயினும் தொகுதிக்குத் தொகுதி தரம் மாறும். டப்பாவைத் தட்டையாக வைத்து, குலுங்காமல், தூசும் ஈரமும் அண்டாமல் காக்க வேண்டும்.

ஈயமும் கடமையும்

சிக்கனத்தைப் பற்றிப் பேசும்போது பணத்தை மட்டும் எண்ணிவிடலாகாது. ஈயம் நஞ்சு, சிறுவர்களின் மூளை வளர்ச்சிக்கு அது குறிப்பாகத் தீங்கு செய்வது. ரவையை வாயில் வைத்துக்கொண்டு சுடும் பழைய கெட்ட வழக்கத்தை அறவே விலக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே உணவைத் தொட வேண்டும். இலக்கின் பின்னே இரும்புப் பெட்டி வைத்து ரவைகளை அதிலேயே தேக்கிச் சேர்த்தால், ஈயம் மண்ணிலும் கண்மாய் நீரிலும் கலக்காது. சேர்ந்த ஈயத்தைப் பழைய உலோகம் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம். எட்டு ஜூல் ரவையும் கண்ணைப் பறித்துவிடும் ஆற்றல் உடையது என்பதையும், .22 குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லும் என்பதையும் ஒரு கணமும் மறத்தலாகாது. மண்மேடோ சுவரோ இல்லாத திசையில் துப்பாக்கியை நீட்டுவது குற்றம்.

உரிமம் வேண்டாத கருவி என்பதால் அதை எதன் மேலும் நீட்டலாம் என்று பொருளாகாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு மரங்களில் தாவும் சாம்பல் நிற அணிலும், கண்மாய்க் கரையில் வந்திறங்கும் பறவையும் இலக்குகள் அல்ல. அவற்றைச் சுடுவது சட்டத்தின் முன் தண்டனைக்கு உரியது, மனச்சாட்சியின் முன் இழிவானது.

குறி பார்க்கப் பழக விரும்பும் இளைஞர்களே, உங்கள் துப்பாக்கிக்கு ஏற்ற, மலிவான, சீரான ரவை ஒன்றைச் சோதித்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே தொகுதியில் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். காகித இலக்கின் முன் நாள்தோறும் நின்று, ஒவ்வொரு குழுவையும் அளந்து ஏட்டில் எழுதுங்கள். உங்கள் கையின் சிதறல் ரவையின் சிதறலுக்குச் சமமாகும் வரையில், உயர்ந்த விலைக்கு ஒரு ரூபாயும் செலவிட வேண்டியதில்லை.